தேவகி கறந்த பால்

இதைப் படிக்கிறவர்கள் ஒருமுறை வலதுகைக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிப் பாருங்கள். மடங்கியதா? அப்படியானால் உங்கள் மேலும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். மறைத்துப் பேச எனக்கு வராது.

ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவர்கள் எல்லோரும் கடவுள் புண்ணியம், டாக்டர் புண்ணியம் என்று சொல்லி ஆரம்பிப்பார்கள். எனக்கும் அந்த நன்றி உண்டு. ஆனால் அந்த நாட்களில் என் நெஞ்சில் முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது பொறாமை. அதை விட்டுவிட்டு வலியைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் வரும். எனவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் வீடு மரக்காணத்தில், உப்பளத்துக்குப் போகிற வழியில் இருந்தது. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் உப்பளத்தில் வேலை செய்தார்கள். தம்பி மனைவியின் பெயர் தேவகி. எனக்கு ஓரகத்தி. நான் மூத்தவள், அஞ்சலாட்சி. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. சமையல் பாதி அவள், பாதி நான். மாடு மட்டும் முழுக்க என்னுடையது.

மாட்டின் பெயர் செவலை. கறக்கிற மாடு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், மடியில் பால் இருப்பது வேறு, மாடு அதைக் கீழே விடுவது வேறு. சுரப்பு விடுவது என்போம். மனம் ஒப்பவில்லை என்றால் மாடு பாலை மேலே இழுத்துக்கொள்ளும். காம்பைப் பிடித்து நாள் முழுக்க இழுத்தாலும் சொட்டுத்தான் வரும். செவலை எனக்கு மட்டும்தான் சுரப்பு விடும். என் வீட்டுக்காரர் போனால் முறைக்கும். தேவகி கிட்டே போனாலே காலைத் தூக்கும். அதனால் நான் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தாலி கட்டியதும் பஸ் ஏறிவிடுவேன். "மாமியார் இல்லாத வூட்டுக்கு மாடு மாமியாரா வந்துக்கீது" என்று தெருவில் கேலி பேசுவார்கள். அலுத்துக்கொள்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேனே தவிர, உள்ளே எனக்குப் பெருமை தாங்காது.

இனி விபத்து. எங்கள் பக்கத்தில் புல் இருப்பது உப்பளத்துக்கு அந்தப் புறம். அங்கே போக வேண்டுமானால் பாத்திகளுக்கு நடுவே இருக்கிற வரப்பில் மாட்டை நடத்திக்கொண்டு போகவேண்டும். வரப்பு ஒரு மாடு நடக்கிற அகலம்தான். இரண்டு பக்கமும் உப்பு பூத்த பாத்தி. மாடு ஒரு காலை உள்ளே வைத்தால் சேறு கலங்கி உப்பு கறுத்துப் போகும். மேஸ்திரி ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார். மாட்டுக்கோ உப்பைக் கண்டால் நாக்கு நிற்காது. அதனால் அந்த வரப்பில் மாடு ஓட்டுகிற நாங்கள் எல்லோரும் கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றிப் பிடிப்போம். பிரம்மதேசத்துப் பக்கம் வயலில் மாடு மேய்க்கிறவர்கள் பார்த்தால் திட்டுவார்கள். அவர்கள் கயிற்றைச் சுற்றவே மாட்டார்கள், மடித்துப் பிடிப்பார்கள். மாடு மிரண்டால் விட்டுவிடலாம் அல்லவா. எங்களுக்கு மாட்டை விடுவதுதான் பயம். கையைப் பற்றி யார் நினைத்தார்கள்?

அன்று காற்று அதிகம். குவித்து வைத்த உப்பு அம்பாரத்தின் மேல் வேய்ந்திருந்த பனையோலை ஒன்று பிய்த்துக்கொண்டு செவலையின் மூஞ்சிக்கு நேரே படபடவென்று பறந்தது. மாடு ஒரே துள்ளாகப் பின்னால் துள்ளியது. கயிற்றின் சுற்று என் கட்டைவிரல் மேல் இறுகிக்கொண்டது. ஒரு சத்தம் கேட்டது. முருங்கைக் குச்சியை ஒடிப்பது போல. அது என் கைக்குள்ளிருந்து வந்த சத்தம் என்று எனக்கு உடனே புரியவில்லை.

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து கயிற்றை அறுத்தார்கள். கட்டைவிரலின் தோல் அடியிலிருந்து உரிந்து நுனிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றது. அப்போது செய்த காரியம்தான் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் செய்யக்கூடியது. "உப்புத் தண்ணில முக்குங்கடி, சீக்கு புடிக்காது" என்று ஒருத்தி சொன்னாள். என் கையைப் பிடித்துப் பாத்தித் தண்ணீரில் முக்கினார்கள். உப்பு பூக்கிற அளவுக்கு முறுகிய தண்ணீர் அது. நான் போட்ட கூச்சல் மேஸ்திரி கத்துவதைத் தோற்கடித்திருக்கும். தயவு செய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். சுத்தமான துணியைச் சுற்றிக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும் என்று பிறகு டாக்டர் சொன்னார். இவ்வளவுக்கும் நடுவில் செவலை நான்கு காலையும் பாத்திக்குள் வைத்து உப்பை நக்கிக்கொண்டு நின்றது.

உள்ளூரில் ரண ஜன்னி வராமல் இருக்க ஒரு ஊசி போட்டு, உடனே பாண்டிச்சேரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ரண ஜன்னி என்பது மண்ணிலும் சாணியிலும் இருக்கிற கிருமி காயத்துக்குள் போய் உடம்பையே விறைக்க வைக்கிற நோய். மாடு வைத்திருக்கிறவர்கள் கையில் சின்னக் கீறல் பட்டாலும் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் என் வீட்டுக்காரர் என் முழங்கையைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தார். கண்டக்டர் வந்து கட்டைவிரலால் டிக்கெட்டைத் தள்ளி, டக்கென்று கிழித்துக் கொடுத்தார். நான் அந்த விரலையே பார்த்தேன். பொறாமை அங்கேயே, வழியில் கூனிமேடு ஸ்டாப்பு வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க ஒரு வரிசை, எக்ஸ்ரேக்கு ஒரு வரிசை, எக்ஸ்ரே காய்கிற வரைக்கும் ஒரு பெஞ்சு. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மூட்டுவலிக்காரர். பீடியைக் கட்டைவிரலால் உருட்டிக்கொண்டே "கைதானேம்மா, காலுன்னாதான் கஷ்டம்" என்று ஆறுதல் சொன்னார். அவரை எழுந்து அடிக்கவேண்டும் போல இருந்தது.

டாக்டர் இளவயதுக்காரர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"கையுறையக் கழட்டினா எப்படி வரும், அந்த மாதிரி உன் விரல் தோல் கழண்டு வந்திருக்கும்மா. உள்ள எலும்பும் உடைஞ்சிருக்கு. இப்பத்திக்குத் தோல இழுத்துத் தெச்சு வெக்கறேன். அது உயிரோட ஒட்டுதா, கறுத்துப் போவுதான்னு பாக்கணும். ஆமா, நீ இன்னா வேல செய்யற?"

"மாடு கறக்கறேங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கறக்கும்போது கட்டைவிரலை மடக்கி, அதன் முட்டிக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே காம்பை வைத்து அழுத்தவேண்டும். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

"விரல் நிக்கட்டும் முதல்ல. மடங்கறதப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார்.

எனக்கு 'அப்புறம்' என்று ஒன்று இல்லை. மடங்காத கட்டைவிரல் இருந்து என்ன, போய் என்ன? செவலை என்னைத் தவிர யாருக்கும் விடாது. நான் கறக்க முடியாவிட்டால் அதை விற்றுவிடுவார்கள். மாடும் போய், கறவையும் போனால், அந்த வீட்டில் நான் வெறும் மூத்த மருமகள்தான். கட்டிலில் படுத்தபோது எனக்கு வந்த பயம் இதுதான்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கூனிமேட்டு மைமூன் அக்கா. அவர் வீட்டில் ஆட்டு வியாபாரம். கிடாயைக் கட்டப் போனபோது அது முட்டி, கொம்பு உள்ளங்கையில் இறங்கி, சீழ் பிடித்து, அதை எடுக்க அறுத்துவிட்டிருந்தார்கள். நான் வந்த அன்றே எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"உனுக்கு இன்னா தங்கச்சி?"

"மாடுக்கா."

"எனுக்கு ஆடு. யா அல்லா, இனிமே கோழி கொத்தின ஒருத்தி வந்து சேந்தா சரியாயிடும்."

அவ்வளவு வலியிலும் சிரித்துவிட்டேன்.

முதல் நாட்களில் என் வீட்டுக்காரர் வந்து சொன்ன செய்தி எனக்கு மருந்தை விட நன்றாக வேலை செய்தது. செவலை யாரையும் கிட்டே விடவில்லையாம். தம்பியை உதைத்துத் தள்ளியதாம். தேவகி உட்கார்ந்ததும் சொம்பை எட்டி உதைத்ததில் அது வேலி வரைக்கும் உருண்டு போனதாம். கன்றுக்குட்டிதான் குடித்துக் கொழுக்கிறதாம். எங்களிடம் பால் வாங்குகிற டீக்கடைக்காரர் தினமும் வந்து கேட்டுவிட்டுப் போகிறாராம்.

"ஐயோ பாவம், தேவகிக்கு அடி கிடி பட்டுச்சா?" என்று கேட்டேன். கேட்ட குரலில் வருத்தம் இருந்தது. போர்வைக்குள் நான் சிரித்தபடி இருந்ததை மைமூன் அக்கா பார்த்துவிட்டார்.

தையல் போட்ட தோல் கறுக்க ஆரம்பித்தது. தினமும் கட்டைப் பிரித்து மருந்து வைக்கும்போது சிஸ்டர் முகத்தைத்தான் பார்ப்பேன். அவர் முகம் சுருங்கினால் அன்றைக்கு விரலைப் பார்க்கவே மாட்டேன். ரத்தம் ஓடாத தோல் செத்துப்போகும், செத்த தோலை விட்டுவைத்தால் விரலையே தின்றுவிடும், எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் சீவி ஒட்டவேண்டும் என்றார் டாக்டர். உடைந்த எலும்பு சேர ஒரு கம்பியும் சொருகப் போவதாகச் சொன்னார். மயக்க மருந்து கொடுக்கவில்லை. அக்குளில் ஓர் ஊசி போட்டார்கள், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் கை முழுக்க மரத்துப்போய், யாருடைய கையையோ என் பக்கத்தில் படுக்க வைத்த மாதிரி இருந்தது. அவர்கள் வேலை செய்கிற சத்தம் எல்லாம் கேட்டது. வலி மட்டும் இல்லை. வலி ராத்திரி வந்து வட்டியோடு வாங்கிக்கொண்டது. விரலை விடத் தோல் சீவிய தொடைதான் அதிகம் எரிந்தது.

மறுநாள் டாக்டர் வந்து, "எலும்பு சேரணும்னா நல்லா பால் குடிக்கணும்மா" என்றார். ஆஸ்பத்திரியில் ரொட்டியும் பாலும் கொடுப்பார்கள். அந்தப் பாலை நான் பால் என்று ஒத்துக்கொள்ளவே இல்லை. தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிவார். டாக்டர் சொன்னதை என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டு போனார்.

அடுத்த முறை வரும்போது தூக்கில் பால் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. காய்ச்சியும் மேலே தடிமனாக ஆடை கட்டியிருந்தது. லேசான மஞ்சள் நிறம். ஆயிரம் பாலுக்கு நடுவில் வைத்தாலும் செவலையின் பாலை எனக்குத் தெரியும்.

"இது எப்பிடி வந்துது? யார் கறந்தாங்க?"

அவர் ஏதோ நல்ல செய்தி சொல்கிறவர் போல உற்சாகமாகச் சொன்னார்.

"தேவகிதான். யாரோ யோசன சொன்னாங்களாம். நீ மாடு கறக்கறப்ப கட்டுவியே, பச்சக் கர போட்ட பழைய சேல, கொடியில அப்பிடியே கெடந்துதில்ல? அத தொவைக்காம எடுத்துக் கட்டிக்கினு போயி உக்காந்தா. உன்ன மாரியே 'ம்மா ம்மா'ன்னு சத்தம் குடுத்துக்கினு மடியத் தடவுனா. விட்டுச்சு பாரு! சொம்பு வழிய விட்டுச்சு!"

தூக்கின் மூடியைத் திரும்பப் போட்டேன். என் சேலை. என் வேர்வை. நான் கொடுக்கிற சத்தம். என் இடத்தில் மணையைப் போட்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள். இந்தச் செவலைக் கழுதைக்கு என் முகத்தைப் பார்க்கத் தெரியாதா? இத்தனை வருஷம் நான் தவிடு வைத்ததும் தண்ணீர் காட்டியதும் ஒரு பழைய சேலைக்குத்தானா?

"தலையணைக்குப் பக்கத்துல வச்சிட்டுப் போங்க, அப்புறமா குடிக்கறேன்" என்றேன். அவர் போனதும் தூக்கை மைமூன் அக்கா பக்கம் தள்ளினேன்.

அதற்குப் பிறகு வந்த பாலெல்லாம் மைமூன் அக்காவுக்குத்தான். அவரும் சும்மா குடிக்கமாட்டார். ஒவ்வொரு மடக்குக்கும் நாக்கைச் சப்புக்கொட்டி, "இன்னா மாடுடி உன் மாடு!" என்று பாராட்டிவிட்டுக் குடிப்பார். எனக்கு இன்னும் எரியும். ஒரு நாள் தூக்கை வாங்கித் தன் கட்டிலில் வைத்துக்கொண்டு குடிக்காமல் என்னையே பார்த்தார்.

"தங்கச்சி, எனுக்குப் புண்ணு ஆறிப்போச்சு. நாளைக்கோ மறுநாளோ வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. உனுக்கு எலும்பு இன்னும் சேரல. வெரலு வேணுமா, வீம்பு வேணுமா?"

"அவ கறந்த பால நான் குடிக்கமாட்டேன்க்கா."

"அவ கையாலதான் கறந்தா. பால அவளா குடுத்தா? உன் மாடு குடுத்துது. உன் மாட்டுக் கிட்டயும் கோவமா?"

ஆமாம், மாட்டிடமும் கோபம்தான். மாட்டிடம்தான் அதிகக் கோபம். ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னபோது வார்டில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மைமூன் அக்கா எழுந்து வந்து தன் நல்ல கையால் தூக்கை என் வாயில் வைத்தார். நான் அழுதுகொண்டே குடித்தேன். பால் நன்றாக இருந்தது. அதுவும் பொறுக்கவில்லை. நன்றாகக் கறந்திருக்கிறாள், கடைசிச் சொட்டு வரைக்கும். கடைசியில் வருகிற பாலில்தான் ஆடை அதிகம். அரைகுறையாகக் கறக்கிறவளுக்கு அந்த ஆடை வராது.

மைமூன் அக்கா வீட்டுக்குப் போன அன்று தன் உள்ளங்கையை விரித்து, மூடி, விரித்துக் காட்டினார். "உனுக்காக அல்லாகிட்ட துஆ செய்றேன்" என்றார். அந்தக் கை மூடித் திறந்த அழகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுகையில் பிரிகிற வருத்தம் பாதி, அந்தக் கையைப் பார்த்த வயிற்றெரிச்சல் பாதி.

அதற்கப்புறம் தேவகி என்னைப் பார்க்க வந்தாள். சாப்பாட்டு அடுக்கில் எனக்குப் பிடித்த காராமணிக் குழம்பு, கருவாடு வறுவல் எல்லாம் வைத்துக் கொண்டு வந்திருந்தாள். ஒரு கையால் தலைவாரிக்கொள்ள முடியாமல் என் தலை சிக்குப்பிடித்துக் கிடந்தது. அவளாக எண்ணெய் எடுத்து என் பின்னால் உட்கார்ந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள். அப்போது அவள் கட்டைவிரல் முட்டி என் பிடரியில் பட்டது. சொரசொரவென்று இருந்தது. காய்ப்பு. தினமும் கறக்கிறவர்களுக்கு அந்த இடத்தில் தோல் தடித்துக் காய்த்துப் போகும். எனக்கு அது காய்க்க வருஷக்கணக்காயிற்று. இவளுக்கு அதற்குள் காய்க்க ஆரம்பித்துவிட்டது. என்னுடைய காய்ப்போ கறுத்துப்போன தோலோடு குப்பைக்குப் போய்விட்டது.

"கை வலிக்குதாடி?" என்று கேட்டேன்.

"மொதல்ல வலிச்சுதுக்கா. இப்ப பழகிடுச்சு."

பழகிடுச்சு என்று அவள் சொன்னதும் என் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். சிக்கு மாட்டிக்கொண்டு எனக்குத்தான் வலித்தது. அவள் மறுபடி மெதுவாகப் பிரித்தாள். பின்னி முடித்துவிட்டு, சிஸ்டரிடம் கேட்டு என் முகத்தையும் துடைத்துவிட்டாள். கூடப்பிறந்தவள் இருந்திருந்தாலும் அவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கமாட்டாள். அது தெரிந்தும் பொறாமை குறையவில்லை. நல்லவளாக இருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவளாக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

கம்பியை உருவி, கட்டைப் பிரித்தபோது என் கட்டைவிரலை நானே அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வெயில் படாத தொடைத் தோல் அதன் மேல் வெளுப்பாக ஒட்டியிருந்தது. ரேகை இல்லை. அசைத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். மனதுக்குள் மடக்கினேன், விரல் நிமிர்ந்தே நின்றது. வெந்நீரில் வைத்து மெல்ல மடக்கிப் பழகவேண்டும், ரப்பர் பந்தை அழுத்திப் பழகவேண்டும், மூட்டு இறுகிப்போனால் பிறகு மடங்காது என்று சொல்லி அனுப்பினார்கள். சிகிச்சைக்குக் காசு கேட்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் உப்பு வாரும் பருவத்தில் பாதி நாள் பஸ்ஸிலேயே இருந்ததில் கூலியை விட்டிருந்தார். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் விடிந்ததும் சொம்பை எடுத்துக்கொண்டு மாட்டிடம் போனேன். தேவகி அந்தச் சேலையோடு வாசலில் வந்து நின்றாள். ஒதுங்கி வழிவிட்டாள். எனக்கு அந்தச் சேலையைக் கேட்க மனம் வரவில்லை. என் மாட்டுக்கு முன்னால் நானே நிற்கும்போது சேலை எதற்கு?

செவலை என்னை முகர்ந்தது. ஆஸ்பத்திரி மருந்து வாசனை இன்னும் என் மேல் இருந்தது. மூச்சை உஸ்ஸென்று விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கன்றை விட்டு ஊட்டியதில் கொஞ்சம் சுரந்தது. கை வைத்தேன். மற்ற விரல்கள் அழுத்தின. கட்டைவிரல் முளைக்குச்சி மாதிரி விறைத்து நின்றது. பால் சொம்பில் விழாமல் என் மணிக்கட்டில் வழிந்தது. இடது கையால் முயற்சி செய்தேன். நேரம் ஆக ஆக மாடு பொறுமை இழந்து காலை வீசியது. சொம்பு கவிழ்ந்தது. தேவகி ஓடிவந்து சொம்பை எடுத்துக் கழுவினாள். உட்கார்ந்தாள். நான் உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தேன். பால் சொம்பில் சொர் சொர்ரென்று விழுகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. அரிசியை இரண்டு தடவை அதிகமாகக் களைந்தேன்.

வெந்நீர், பந்து எல்லாம் விடாமல் செய்தேன். விரல் பாதி தூரம் மடங்கியது. அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி பாண்டிச்சேரிக்குப் போனபோது, "இதுக்கு மேல வராதும்மா, இந்த அளவுக்கு வந்ததே பெருசு" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கரண்டி பிடிக்கலாம், பேனா பிடிக்கலாம். மாடு கறக்க முடியாது. முடிந்தது.

அதன் பிறகு நான் தேவகியைப் படுத்தியது கொஞ்சமல்ல. நுரை போதவில்லை என்பேன். காம்பைக் கழுவினாயா என்பேன். டீக்கடைக்குப் போக நேரமாச்சு என்று விரட்டுவேன். அவள் எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. காலையில் அந்தச் சேலையைக் கட்டுவாள், கறந்து முடித்ததும் அவிழ்த்து மடித்துக் கொடியில் போடுவாள்.

ஒரு நாள் செவலை முந்தானையை மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறது. தேவகி எழுந்தபோது, நைந்துபோயிருந்த சேலை இடுப்பிலிருந்து கரை வரைக்கும் இரண்டாகக் கிழிந்துவிட்டது. தைக்கவும் வழியில்லை. மறுநாள் தன் சேலையிலேயே போய் உட்கார்ந்தாள். உதை விழுந்தது. அடுத்த நாளும் போனாள். கன்றை விட்டுப் பார்த்தாள், என் சத்தத்தைக் கொடுத்துப் பார்த்தாள், வெல்லம் காட்டிப் பார்த்தாள். சொட்டு விடவில்லை. டீக்கடைக்காரர் வெறும் தூக்கோடு திரும்பிப் போனார்.

மத்தியானம் அவள் தன்னுடைய சேலை ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். நீல நிறம், அதிகம் உடுத்தாதது. நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இத நீங்க ஒரு நாலு நாளு கட்டிக்கினு இருந்துட்டுத் தர்றீங்களா?"

"எதுக்குடி?"

"உங்க வாசன ஏறட்டும்." நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இத்தினி மாசமா நான்தானேக்கா கறக்கறேன். தவுடு வெக்கறேன், தண்ணி காட்டறேன், குளுப்பாட்டறேன். ஒத நானு வாங்கறேன். அதுக்கு இன்னும் நான் யாருன்னே தெரியலக்கா. உங்களத்தான் தேடுது."

நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு இறுகியிருந்தது. மூக்கு நுனி சிவந்திருந்தது. தூக்குப் பாலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தபோது என் முகமும் அப்படித்தானே இருந்திருக்கும். எனக்கு அவள் மேல் அவ்வளவு பாசம் பொங்கியது, சொன்னால் நம்பமாட்டீர்கள். எழுந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

"குடுடி, கட்டிக்கறேன்" என்று வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கே கட்டினேன். வேண்டுமென்றே நடுப்பகலில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து வேர்க்க வேர்க்க நெல் அவித்தேன். அதோடேயே படுத்தேன், அதோடேயே எழுந்தேன். கன்றுக்குட்டிக்கு அந்த நாட்களில் நல்ல கொண்டாட்டம். நாலாம் நாள் காலையில் தேவகி கையில் சொம்போடு வந்து, "போதுமாக்கா?" என்று கேட்டாள்.

முந்தானையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். நன்றாகவே ஏறியிருந்தது.

"பத்தாதுடி" என்றேன். "இன்னும் ரெண்டு நாளு ஆவட்டும்."